2,140 முகவரிகள், 11 பதில்கள்: ஓர் எழுத்தாளரின் மின்மடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் சென்னையில் வசிக்கும் ஒரு சிறுகதை எழுத்தாளர். அறுபதை நெருங்குகிறவர், வங்கிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். நான்கு தொகுப்புகளும் ஒரு நாவலும் வந்திருக்கின்றன. சிறிய பதிப்பகம், முதல் அச்சு 300 பிரதி. இன்று தமிழில் சிறுகதை எழுதும் பலருக்கும் இதுதான் நிலவரம். நான் அவருடைய வாசகன். கணினி வேலை கொஞ்சம் தெரியும் என்பதால் மின்மடலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. சம்பளம் கிடையாது, காபி உண்டு.

ஃபேஸ்புக்கில் அவரை ஒன்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஆனாலும் புதிய கதை வந்திருக்கிறது என்று எழுதினால் நூறு பேர் கண்ணில் படுவதே பெரிய விஷயமாகிவிட்டது. யாருக்குக் காட்டுவது என்பதை அங்கே வேறு யாரோ முடிவு செய்கிறார்கள், முகவரி நம் கையில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்து 2022 ஜூனில் மாதம் ஒரு மின்மடல் தொடங்கினோம். அவர் அதைக் கடிதம் என்றுதான் சொல்வார். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

பட்டியல் மூன்று வழிகளில் வளர்ந்தது. தாமாகக் கேட்டுச் சேர்ந்தவர்கள் 640 பேர். 2023 ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சியில், அரங்கில் வைத்திருந்த நோட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் 870 பேர். பதிப்பாளர் தன்னிடம் புத்தகம் வாங்கியவர்களின் முகவரிகளை எக்செல் கோப்பாகத் தந்தார், அது 630. மொத்தம் 2,140. பதிப்பாளருக்கு அந்த எண்ணில் பெரிய மகிழ்ச்சி. எனக்கும்தான், மறைக்க வேண்டியதில்லை.

கவனித்தவை

2023 அக்டோபர் கடிதத்துக்கு 11 பதில்கள் வந்தன. அதில் நான்கு பேர் எழுத்தாளரின் உறவினர்கள். நாவலின் மறுபதிப்பை அறிவித்த கடிதத்திலிருந்து வந்த ஆர்டர்கள் 19. மடல்களை மொத்தமாக அனுப்பித் தரும் சேவைத் தளத்தின் கணக்குப்படி கடிதத்தைத் திறந்தவர்கள் 24 சதவீதம். அந்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. மெயிலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இறங்கினால் 'திறந்தார்' என்று கணக்கு ஏறுகிறது. 2021 செப்டம்பரில் ஐஃபோனின் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிளின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, அவர்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்தப் படம் முன்கூட்டியே இறங்கிவிடுகிறது.

திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று நவம்பரில் 30 வாசகர்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். மெயிலைத் திறந்து நம் கடிதம் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்லச் சொன்னேன். 9 பேருக்கு இன்பாக்ஸில் இருந்தது. 12 பேருக்கு ப்ரமோஷன்ஸ் பகுதியில், துணிக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவே. 7 பேருக்கு ஸ்பேமில். 2 பேருக்கு எங்கேயுமே இல்லை. முப்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இருந்தாலும் அந்த இரண்டு மாலைகளில் தெரிந்துகொண்டது ஒன்றரை வருடக் கணக்குகளில் தெரியவில்லை.

அந்த அழைப்புகளில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செப்டம்பர் கடிதத்தில் வந்த கதை ரொம்பப் பிடித்ததாகச் சொன்னார். "கதவைத் திறக்கப் போறா, அதோட நிறுத்திட்டாங்க பாருங்க, அதுதான், தம்பி, எழுத்து" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கதையில் கதவு திறக்கிறது, உள்ளே அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், இன்னும் ஒரு பக்கத்துக்கு மேல் போகிறது. என் ஃபோனில் திறந்து பார்த்தேன். கதவருகே கதை நின்றது. கீழே பொடி எழுத்தில், மடல் வெட்டப்பட்டிருக்கிறது, முழுவதையும் காண இங்கே அழுத்தவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

ஜிமெயில் ஒரு மடலின் அளவு சுமார் 102 கேபியை (கிலோபைட்டை) தாண்டினால் மீதியை மறைத்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதில் அவ்வளவாக மாட்டுவதில்லை, நாம் மாட்டுகிறோம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் 'க' 3 பைட், 'கி' என்றால் 6, 'க்' என்றாலும் 6. புள்ளிக்குக்கூட 3 பைட் வாடகை. அந்தக் கடிதத்தை அளந்தபோது ஒரு சொல்லுக்குச் சராசரியாக 25 பைட் வந்தது. கடிதம் 3,400 சொற்கள், அதுவே 83 கேபி. மேலே நான் ஆசையாகப் போட்டிருந்த வடிவமைப்பு, பெட்டிகள், புத்தக அட்டைகளுக்கான குறிகள் எல்லாம் சேர்ந்து இன்னும் 25 கேபி. கதவு திறக்காமல் போனதற்கு என் அலங்காரமும் ஒரு காரணம்.

இதன் விளைவு கதையோடு நிற்கவில்லை. திறந்ததைக் கணக்கிடும் அந்தச் சிறு படம் மடலின் அடியில் இருந்தது, அதுவும் வெட்டுப்பட்டது. அதாவது படித்தவர்களில் சிலர் படிக்காதவர்களாகக் கணக்கில் ஏறினார்கள். அதைவிட மோசம், 'இனி வேண்டாம்' என்று விலகும் இணைப்பும் அடியில்தான் இருந்தது. விலக நினைத்தவருக்கு வழி தெரியவில்லை. மேலே ஸ்பேம் பொத்தான் மட்டும் கண்ணெதிரே இருந்தது. பதிப்பாளர் தந்த பட்டியலில் இருந்தவர்கள் இந்தக் கடிதத்தைக் கேட்கவே இல்லை, அவர்கள் அதை அழுத்தியிருந்தால் குறை சொல்ல முடியாது. பலர் அழுத்த அழுத்த, விரும்பிச் சேர்ந்தவர்களின் மடலும் ஸ்பேமுக்குப் போகும். இந்தச் சங்கிலியை எண்களால் நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஆனால் அதன் கண்ணிகளில் சில கண்ணால் பார்த்தவை.

நோட்டில் எழுதியவர்களின் கதை தனி. 870இல் 140 முகவரிகளுக்குப் போன மடல் திரும்பி வந்தது. கூட்டத்தில் நின்றபடி, பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எழுதியவை. 'காம்' என்பதில் கடைசி எழுத்து மாறியது, ஒன்று என்ற எண்ணா எல் என்ற எழுத்தா என்று தெரியாமல் நானே தப்பாகத் தட்டியது எனப் பல வகை. புக்மார்க் இலவசம் என்று அறிவித்திருந்ததால் அதற்காகவே எழுதியவர்களும் உண்டு.

வெள்ளக் கடிதம்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. எழுத்தாளரின் வீடு வேளச்சேரிப் பக்கம், தரைத்தளம். முழங்கால் வரை தண்ணீர். கீழ் இரண்டு தட்டுகளில் இருந்த புத்தகங்கள் போயின. அந்த மாதக் கடிதம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். டிசம்பர் 16, சனிக்கிழமை அவரே ஃபோனில் தட்டி அனுப்பினார்: "தம்பி, இதை அப்படியே அனுப்பிடுங்க, படம் எதுவும் வேண்டாம்."

420 சொற்கள். நனைந்த புத்தகங்களை மாடியில் விரித்துவைத்ததைப் பற்றி எழுதியிருந்தார். வெயிலில் நேராக வைத்தால் தாள் முறுக்கிக்கொள்கிறது, நிழலில் காற்றுப்பட நிறுத்தி, பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் சொருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சாதாரணத் தாள் மெல்லத் தேறிவிடுகிறது, வழவழப்பான ஆர்ட் பேப்பர் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடுகிறது. கடைசியில் ஒரே கேள்வி: உங்கள் வீட்டில் முதலில் எந்தப் புத்தகத்தைத் தூக்கி மேலே வைத்தீர்கள்?

பத்து நாட்களில் 163 பதில்கள். பள்ளிக்கரணையிலிருந்து, முடிச்சூரிலிருந்து, மழையே இல்லாத கோவையிலிருந்தும்கூட. புத்தகத்தை விட்டுவிட்டு ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் எடுத்ததைச் சிலர் குற்ற உணர்வோடு எழுதியிருந்தார்கள். 2015 வெள்ளத்தில் போனதைப் பற்றி எழுதியவர்கள் ஒரு கணிசமான கூட்டம்.

இது ஏன் நடந்தது என்று எங்களுக்குள் பேச்சு நீண்டது. வெள்ளம் என்பதாலா, கடிதம் சிறியது என்பதாலா, வடிவமைப்பு இல்லாததாலா, கேள்வி இருந்ததாலா? எல்லாம் ஒன்றாக நடந்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. எழுத்தாளரின் கருத்து எளிமையானது: "இத்தனை நாள் நான் அறிவிப்பு அனுப்பிட்டிருந்தேன். இதுதான் முதல் கடிதம்."

எடுத்த முடிவுகள்

2024 ஜனவரியில், புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்தபோது, மைதானத்தின் உணவகப் பக்கம் மூவரும் உட்கார்ந்தோம். முதலில் பேசியது பட்டியலைக் குறைப்பது பற்றி. எல்லோருக்கும் ஒரு மடல் அனுப்பி, 'தொடர்ந்து வேண்டும்' என்று அழுத்துகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்வது, மற்றவர்களை நீக்கிவிடுவது. பதிப்பாளர் ஒப்பவில்லை. "இருக்கறதை எதுக்கு வெட்டணும்? ரெண்டாயிரம் பேர்னு சொன்னா ஒரு கெத்து." எழுத்தாளர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு மறக்காது. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். "செல்லப்பாவுக்கு ரெண்டாயிரம் கூரை. உங்களுக்கு அது தரையா சார்?"

அனுமதி கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. ஒருவரின் தனிப்பட்ட தரவைப் பயன்படுத்த அவர் ஒப்புதல் வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்ட சட்டம் 2023 ஆகஸ்டில் வந்திருந்தது. பதிப்பாளரிடம் புத்தகம் வாங்கியவர், எழுத்தாளரின் கடிதத்துக்கு ஒப்புதல் தந்தவர் ஆகமாட்டார்.

ஜனவரி 20 அன்றும் பிப்ரவரி 3 அன்றும் இரண்டு முறை கேட்டோம். மிஞ்சியவர்கள் 712. தாமாகச் சேர்ந்த 640 பேரில் 470 பேர், நோட்டில் எழுதிய 870 பேரில் 190 பேர், பதிப்பாளர் பட்டியலின் 630 பேரில் 52 பேர். கடைசி எண்ணைப் பார்த்த பிறகு பதிப்பாளர் அதிகம் பேசவில்லை.

அடுத்தது அனுப்பும் முகவரி. அதுவரை எழுத்தாளரின் சொந்த ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, வேறொரு சேவைத் தளம் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தோம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கின. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மடல் உண்மையிலேயே அந்த அனுப்புநரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளச் சான்றுகளும், ஒரே அழுத்தில் விலகும் வசதியும் கட்டாயம். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நாங்கள் அந்த அளவு பெரியவர்கள் இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஜிமெயில் முகவரி போட்டு வரும் மடல்களைச் சந்தேகத்தோடு ஒதுக்குவோம் என்றும் கூகுள் சொல்லியிருந்தது, அது எங்களை நேராகத் தொட்டது. மார்ச்சில் எழுத்தாளர் பெயரில் தனி டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கினோம். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான். மூன்று சான்றுகளையும் பொருத்த எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சொந்த டொமைன் இருந்தால் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியில் புகார் விகிதத்தை நாமே பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம். அனுப்பும் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதில் பல நாள் ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அளவுக்கு வரம்பு வைத்தோம்: ஒரு கடிதம் 1,200 சொற்கள், எல்லாம் சேர்த்து 40 கேபி. நீண்ட கதையென்றால் இரண்டு, மூன்று பகுதிகளாக ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் காலை 6:30க்கு. வாரப் பத்திரிகையில் 'தொடரும்' படித்து வளர்ந்த வாசகர்களுக்கு இது புதிதே இல்லை, எங்களுக்குத்தான் தோன்றவில்லை. விலகும் இணைப்பை மேலே, வணக்கத்துக்கு அடுத்த வரியிலேயே வைத்தோம். வாசலிலேயே செருப்பைக் காட்டுவதா என்று நான் தயங்கினேன். விலகியவர்கள் கடிதத்துக்கு இரண்டு மூன்று பேர்தான்.

மயிலாப்பூர் வாசகிக்குக் கதையின் மீதியை அனுப்பினோம். முதலில் நின்ற இடம்தான் நன்றாக இருந்தது என்று எழுதினார். எழுத்தாளர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

கேள்விகளும் பதில்களும்

ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டோம். எந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்பதைத் தவறு செய்துதான் கற்றோம். 'கதை எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'அருமை மேடம்' என்று வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'இலக்கியம் உங்கள் வாழ்வை எப்படி மாற்றியது?' என்று ஒரு முறை கேட்டோம், மூன்று பேர் மட்டும் எழுதினார்கள், மூன்றும் கட்டுரைகள். ஒரு பொருளையோ ஓர் இடத்தையோ சொன்னால் போதும் என்றிருக்கும் கேள்விக்கு ஃபோனிலேயே ஒரு வரி தட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி பிறகு பத்து வரியாகிறது.

'உங்கள் தெருவில் கடைசியாக மூடிய கடை எது?' என்ற கேள்விக்கு 88 பதில்கள். லெண்டிங் லைப்ரரிகள் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம், இருந்தன. எதிர்பாராதவை மாவு மில்லும் எஸ்டிடி பூத்தும். மாம்பலத்தில் குடை ரிப்பேர் செய்தவரைப் பற்றி ஒருவர் எழுதிய ஆறு வரியிலிருந்து எழுத்தாளருக்கு ஒரு கதை பிறந்தது. எழுதியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

எல்லாப் பதில்களுக்கும் எழுத்தாளரே பதில் எழுதினார். தினமும் காலை அரை மணி நேரம், இரண்டு வரியானாலும் சரி. நான் தட்டித் தருகிறேன் என்றேன், கூடாது என்றுவிட்டார். இதற்கு ஒரு நடைமுறைப் பலனும் இருந்தது. ஒருவர் ஒரு முகவரிக்குப் பதில் எழுதிப் பழகிவிட்டால் அங்கிருந்து வருவதை ஜிமெயில் ஒதுக்குவது குறைகிறது.

ஒரு தவறு

2024 மே மாதம், வந்த பதில்களில் சிலவற்றைக் கடிதத்திலேயே வெளியிடத் தொடங்கினோம். ஒரு வாசகி, கணவர் இறந்த பிறகு அவர் சேர்த்த புத்தகங்களைப் பிள்ளைகள் எடைக்குப் போட்டதைப் பற்றி எழுதியிருந்தார். நன்றாக எழுதியிருந்தார், பெயரோடும் ஊரோடும் வெளியிட்டோம். அவரிடம் கேட்கவில்லை. வாசகர் கடிதம் என்றால் அச்சில் வரத்தான் எழுதுவார்கள் என்ற பழைய பத்திரிகைப் பழக்கம் எங்கள் இருவருக்கும் இருந்தது. அவர் எழுதியது பத்திரிகைக்கு அல்ல, ஒரு மனுஷிக்கு. மகனின் நண்பர் ஒருவர் பட்டியலில் இருந்திருக்கிறார், விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது.

எழுத்தாளர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த வாசகி பட்டியலிலிருந்து விலகினார், திரும்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிலுக்கும் தனியாகக் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகே, பெயரில்லாமல் ஊர் மட்டும் போட்டு வெளியிடுகிறோம். கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

மீண்டும் புத்தகக் காட்சி

48ஆவது புத்தகக் காட்சி பொங்கலுக்குக் காத்திராமல் 2024 டிசம்பர் 27இலேயே தொடங்கி ஜனவரி 12 வரை நடந்தது. இந்த முறை புக்மார்க்குக்குப் பதில் ஓர் அட்டை: ஒரு பக்கம் கதையின் தொடக்கம், மறுபக்கம் க்யூஆர் கோடு. மீதிக் கதை மெயிலில் வரும். சனி, ஞாயிறு கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் க்யூஆர் படுத்துவிட்டது. மறுநாளே நோட்டைத் திரும்ப எடுத்தோம், ஆனால் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வங்கிப் படிவம் மாதிரி கோடு போட்டு. யோசனை எழுத்தாளருடையது, முப்பது வருட வங்கி அனுபவம் வீண் போகவில்லை.

சேர்ந்தவர்கள் 410. உறுதி செய்யும் மடலில் அழுத்தியவர்கள் 290. பெரியவர்கள் பலர் வாட்ஸாப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே போகும். கேட்டவர்களுக்கு மட்டும் 'கடிதம் மெயிலில் வந்திருக்கிறது' என்று ஒரு வரி அனுப்புகிறோம்.

விளைவு

2025 ஜூனில் பட்டியலில் 1,380 பேர். கடிதத்துக்கு 40 முதல் 60 பதில்கள். அந்த மாதம் புதிய தொகுப்புக்கு முன்பதிவு அறிவித்தபோது, ஒன்பது நாட்களில் கடிதம் வழியாக வந்தவை 170 பிரதிகள். பணமும் ஜிபேயில் உடனே வந்துவிட்டது. பழைய 19ஐ இதோடு ஒப்பிடுவது முழுக்க நியாயமில்லை. அது மறுபதிப்பு, இது புதிய நூல், கையெழுத்துப் பிரதி வேறு. சந்தா வசூலிக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். மாதம் பணம் வாங்கினால் மாதம் எழுத வேண்டும் என்று எழுத்தாளர் மறுத்துவிட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசையைத் தலைகீழாகச் செய்தோம். முதலில் டொமைனும் சான்றுகளும், பிறகு திரும்பி வந்த முகவரிகளை நீக்குவது, அதன் பிறகு நெருக்கமானவர்களுக்குச் சில கடிதங்கள் அனுப்பி இன்பாக்ஸில் இடம்பிடிப்பது, கடைசியில்தான் அனுமதி கேட்பது என்று போயிருக்க வேண்டும். நாங்கள் அனுமதி கேட்ட மடல்களே பலருக்கு ஸ்பேமில் போய்க் கிடந்தன. "கடிதம் ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டு அடுத்த ஒரு வருடத்தில் அறுபது பேராவது திரும்பி வந்தார்கள். கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

2024 செப்டம்பரில் எழுத்தாளருக்கு உடம்பு முடியாமல் இரண்டு மாதம் சொல்லாமல் நிறுத்தினோம். திரும்ப அனுப்பியபோது 31 பேர் விலகினார்கள், அதுவே அதிகபட்சம். இரண்டு வரி எழுதிச் சொல்லியிருக்கலாம். இப்போது அதற்கென ஒரு சிறு மடல் தயாராக இருக்கிறது.

630 முகவரிகள் கொண்ட அந்த எக்செல் கோப்பு பதிப்பாளரின் கணினியில் இன்னும் இருக்கிறது. போன மாதம் அதே கோப்பை இன்னோர் எழுத்தாளருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.